ஏறாத உடம்பு

எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை. இதை நான் இருபத்தாறு வயதுவரை தைரியமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்பா திண்டிவனத்தில் தபால்காரர். ஒலக்கூர் பக்கத்துக் கிராமங்களுக்குச் சைக்கிளில் கடிதம் கொண்டுபோவார். டீகூடக் குடிக்க மாட்டார். வேதக் கோயிலில் திருவிருந்தன்று கொடுக்கும் திராட்சை ரசத்தை உதட்டில் ஒற்றிக்கொண்டு வந்து, வீட்டில் வாய் கொப்பளிப்பார். சொந்தக்காரர்கள் கல்யாணத்துக்குப் போனால், பந்தலுக்குப் பின்னால் பாட்டில் திறக்கும் சத்தம் கேட்டதும் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். சாப்பிடாமல் வந்த கல்யாணங்கள் எத்தனையோ. அம்மா வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து, கேப்பைக் கூழோ தோசையோ ஏதோ ஒன்று செய்துகொடுப்பாள். அப்பாவுக்குக் குடிகாரர்களைப் பிடிக்காது என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் யோசித்ததில்லை. நான் ஒரே பிள்ளை.

அம்மாவின் அக்கா விழுப்புரத்துக்குப் பக்கத்தில் கெடார் கிராமத்தில் இருந்தாள். பெரியம்மாவும் பெரியப்பாவும் கூலி வேலை செய்பவர்கள். நடவு, களை, மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்குதல். அவர்களுக்கு இரண்டு பெண்கள், ஒரு மகன். அந்த மகனை நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். பெரியம்மா மகனும் அண்ணன்தான், கூடப் பிறந்தவனும் அண்ணன்தான். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதால் எவ்வளவு பெரிய விஷயத்தையும் அதற்குள் மறைத்துவைக்க முடியும் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பெரியப்பா குடிப்பார். அண்ணனும் குடிக்க ஆரம்பித்திருந்தான். அதனால்தான் நாங்கள் கெடாருக்கு அதிகம் போவதில்லை என்று எனக்குத் தெரியும்.

பிளஸ் டூ முடித்து, கண் பரிசோதனை செய்யும் படிப்புக்குப் புதுச்சேரியில் சேர்ந்தேன். இரண்டு வருஷம். அங்கேதான் முதல் முறை குடித்தேன். நாங்கள் ஐந்து பேர் பரீட்சை முடிந்த மத்தியானம் பீர் வாங்கினோம். இரண்டாவது பாட்டிலில் ஒருவன் அழுதான், ஒருவன் வாந்தி எடுத்தான், ஒருவன் செருப்பைத் தொலைத்துவிட்டான். எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. முகம் கழுவிக்கொண்டு நான்தான் எல்லாரையும் ஒவ்வொருவராக அறைக்குக் கொண்டுபோய்ப் படுக்கவைத்தேன்.

"இன்னாடா உடம்பு உனக்கு? ஏறவே மாட்டேங்குதே," என்றான் ஒருவன் மறுநாள்.

எனக்கு அது பெருமையாக இருந்தது. ஓட்டப் பந்தயத்திலோ படிப்பிலோ நான் முதலாக வந்ததில்லை. இதில் வந்தேன். அடுத்தடுத்த தடவைகளில் பீரிலிருந்து பிராந்திக்குப் போனோம். அப்போதும் நான்தான் கடைசிவரை நிமிர்ந்து உட்கார்ந்திருப்பேன். அவர்கள் குடித்ததைப்போல இரண்டு பங்கு குடித்தால்தான் எனக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. அதனால் இரண்டு பங்கு குடித்தேன். என்மேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை. குடிகாரன் என்றால் தெருவில் விழுந்து கிடப்பவன். நான் ஒருநாளும் விழவில்லை. அதோடு, எங்கள் வீட்டில் யாரும் குடித்ததில்லை.

படிப்பு முடிந்து திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே கண் பார்ப்பதுதான் என் வேலை. தினமும் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அப்பாவுக்கு மைனஸ் பவர் என்றால், கூட வந்த பெண்ணையும் உட்காரவைத்துப் பார்ப்பேன். பெரும்பாலும் அவளுக்கும் இருக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாத பையனைக் கூட்டிவந்த தாயிடம், "உங்க அப்பாவுக்கு இந்த மாதிரி இருந்துதாம்மா?" என்று கேட்பேன். அவள் ஆச்சரியப்படுவாள். எது யாரிடமிருந்து யாருக்கு வருகிறது என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு, என்னைப் பற்றி எதுவும் தெரியாமல் நான் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு இருபத்தாறு வயதானபோது பெரியப்பாவை விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகத் தகவல் வந்தது. அம்மாவுக்கு அப்போது காய்ச்சல். அப்பா அவளுக்குத் துணையாக இருந்துவிட, நான் மட்டும் காலை பஸ்ஸில் போனேன்.

பெரியப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கை கால் குச்சியாக இருந்தன, வயிறு மட்டும் உப்பியிருந்தது. நான் முதலில் கண்ணைத்தான் பார்த்தேன். தொழில் பழக்கம். வெள்ளை விழி முழுக்க மஞ்சள். பெரியம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். இரண்டு அக்காக்களும் நின்றிருந்தார்கள். காலையிலிருந்து இரண்டு முறை ரத்த வாந்தி எடுத்துவிட்டாராம்.

நர்ஸ் வந்து, "ரத்தம் தேவைப்படுது. குடுக்கிறதுக்கு யார் இருக்கீங்க? கூடப்பொறந்தவங்க, பசங்க, யாராச்சும் வாங்க," என்றார்.

அண்ணன் முன்னால் போனான். நர்ஸ் அவன் பக்கத்தில் நின்றவுடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். காலை பதினோரு மணிக்கே அவனிடமிருந்து வாடை வந்தது.

"நீங்க வேணாம். வேற யாரு?"

நான் கையைத் தூக்கினேன். "நான் குடுக்கிறேன், சிஸ்டர்."

"நீங்க பேஷண்ட்டுக்கு என்ன வேணும்?"

"இவங்க தங்கச்சி மகன்," என்று பெரியம்மாவைக் காட்டினேன்.

பெரியம்மா எழுந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் நர்ஸைப் பார்த்துச் சொன்னாள்.

"பெத்த புள்ளைதாங்க அது. நான் பெத்து, எந்தங்கச்சிக்குக் குடுத்த புள்ள. எடுத்துக்குங்க. அவரு ரத்தந்தான் அது."

யாரும் அவளைத் தடுக்கவில்லை. அக்காக்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. நர்ஸுக்கு இதெல்லாம் கேட்க நேரமில்லை. "ஜல்தி வாங்க," என்று என்னைக் கூட்டிக்கொண்டு போய், ரத்தம் எடுக்கும் இடத்தில் விட்டார்.

அங்கே இருந்தவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். மஞ்சள் காமாலை வந்திருக்கா? ஆபரேஷன் ஏதாவது? மாத்திரை சாப்பிடறீங்களா? எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். என் காதில் பெரியம்மா சொன்னதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.

"நேத்து டிரிங்க்ஸ் எடுத்தீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாடை வராது, கை நடுங்காது. முந்தைய நாள் மாலை கடை மூடியதும் முக்கால் பாட்டில் பிராந்தி குடித்திருந்தேன் என்று என்னைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த நிமிஷத்தில் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ஆமாங்க."

"எவ்ளோ?"

சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இன்னிக்கு எடுக்க முடியாது, சார்."

வெளியே வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். "இன்னாடா?" என்றான். முடியாது என்று சொல்லிவிட்டதாகச் சொன்னேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். அவன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நகர்ந்து எனக்குக் கொஞ்சம் இடம் விட்டான். பெரிய அக்காதான் கடைசியில் ரத்தம் கொடுத்தாள். அவள் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. நாங்கள் இரண்டு ஆண் பிள்ளைகளும் சுவரோரம் நின்று அவள் உள்ளே போவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூன்றாம் நாள் அவர் இறந்துபோனார். அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெரியப்பா என்றே மனதுக்குள் இருந்தது, இன்றும் அப்படித்தான். கெடாரில் அடக்கம் நடந்தபோது அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று பெரியம்மா அவர்களிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நான் குடியை நிறுத்தியிருப்பேன் என்று எல்லாரும் நினைப்பார்கள். நான் அதிகமாகக் குடித்தேன்.

அதுவரை எனக்குப் பயம் இல்லை. இப்போது பயம் வந்துவிட்டது. காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் கீழ் இமையை இழுத்து வெள்ளை விழியைப் பார்ப்பேன். வலது பக்க விலாவுக்குக் கீழே விரலை அழுத்திப் பார்ப்பேன். மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எல்லாம் மஞ்சளாகத் தெரியும், வாசலுக்கு ஓடிப்போய்ச் சூரிய வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்ப்பேன். ரத்தத்திலேயே வந்துவிட்டது, என்றைக்கிருந்தாலும் அந்தக் கட்டிலுக்குத்தான் போகப்போகிறோம், பிறகு நிறுத்தி என்ன என்று மாலையில் தோன்றும். பயந்தால் குடித்தேன். குடித்தால் மறுநாள் பயம் வந்தது. இதற்கு நடுவே எனக்குக் கல்யாணம் நடந்தது. ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆண் பிள்ளை இல்லை என்று கேட்டதும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் மூச்சு விட்டது நினைவிருக்கிறது. நல்லவேளை, இவளுக்கு வராது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் அறிவு.

நான் விழாத குடிகாரன் என்பதாலும், குடித்த நாட்களில் அப்பா தூங்கிய பிறகே வீட்டுக்குப் போனதாலும் வீட்டில் வெகுநாள் தெரியவில்லை. மனைவிக்குத் தெரிந்தது, அவள் அழுதாள், சண்டை போட்டாள், பிறகு அப்பாவிடம் சொல்லாமல் மறைப்பதில் அவளும் சேர்ந்துகொண்டாள். என் முப்பத்தைந்தாவது வயதில் ஒரு காலை, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். சோதனைச் சட்டத்தை அவர் மூக்கில் மாட்டி, லென்ஸை அதில் சொருக வேண்டும். சொருக முடியவில்லை. லென்ஸின் விளிம்பு சட்டத்தில் பட்டு டிக், டிக், டிக் என்று சத்தம் வந்தது. மூன்று முறை முயன்றேன்.

"தம்பி, உங்க கை நடுங்குது," என்றார் அவர், மெதுவாக. "சாப்பிடலியா?"

"சுகர் சார்," என்றேன்.

அன்று காலை பத்து மணிக்குக் கடைக்குப் பின்னால் போய்க் குடித்தேன். கை நின்றுவிட்டது. வாத்தியாருக்குச் சரியான பவர் எழுதிக்கொடுத்தேன். அப்போதுதான் உண்மையிலேயே நடுங்கிப்போனேன், கை அல்ல, உள்ளே. காலையில் குடித்தால்தான் வேலை செய்ய முடியும் என்ற இடத்துக்கு வந்துவிட்டேன். அண்ணனிடம் பதினோரு மணிக்கு வந்த வாடை இப்போது என்னிடமும் வரும்.

மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனேன். அப்பா ஓய்வுபெற்று வீட்டில் இருந்தார். வழக்கம்போல நான் உள்ளே நுழைந்ததும் கிட்ட வந்து தோளில் கை வைத்தார். சிறுவயதிலிருந்தே அப்படித்தான், நான் எங்கிருந்து வந்தாலும் கிட்ட வந்து தோளைத் தொடுவார். அன்று தொட்டவர் கையை எடுத்துக்கொண்டார்.

"எவ்ளோ நாளா?" என்றார்.

நான் ஒரு அடி பின்வாங்கினேன்.

"எவ்ளோ நாளாடா நடக்குது? பொறந்ததுலேருந்து உன் வாயை மோந்து மோந்து பாத்துகினு இருந்தேன். கல்யாணம் ஆயிடுச்சே, இனிமே பாக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன். என் வளர்ப்புல இன்னாடா கொறை வச்சேன்?"

அவர் அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா சமையலறை வாசலில் நின்றாள். எனக்கு அவர் அழுவதைத் தாங்க முடியவில்லை. அதை நிறுத்த வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னேன் என்று பல வருஷங்கள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது உண்மை இல்லை. என்மேல் இருந்த பழியைத் தூக்கி வேறு எங்காவது போட வேண்டியிருந்தது.

"உன் வளர்ப்புல ஒண்ணும் கொறை இல்லப்பா. நான் உன் ரத்தம் இல்ல. அதான்."

அம்மா "டேய்" என்றாள். அப்பா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை.  பிறகு எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அந்த இரண்டு மணி நேரம் என் வாழ்க்கையில் மிக நீளமானது.  ரயில் தண்டவாளம் எங்கள் தெருவிலிருந்து பக்கம். ரயில் போகும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அம்மா வாசலுக்குப் போய் எட்டிப்பார்த்துவிட்டு வந்தாள். நான் போய்த் தேடலாம் என்று எழுவேன், மறுபடி உட்கார்ந்துவிடுவேன். போதை இல்லை, அது பயம். மனைவி பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தையைக் கூட்டிவந்தபோதும் நான் அதே இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

நான்கு மணிக்கு மேல் அப்பா வந்தார். எங்கள் கோயிலுக்கு வரும் ஒருவருடைய மகனுக்கு முண்டியம்பாக்கத்தில் உள்ள அரசு ஆஸ்பத்திரியில் குடியை நிறுத்த வைத்தியம் பார்த்திருக்கிறார்கள். அவரைத் தேடிப் போய் விவரம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"நாளைக்குக் காலையில பாசஞ்சர்ல போறோம். கடையில லீவு சொல்லிடு," என்றார். 

மறுநாள் ரயிலில் எதிரெதிரே உட்கார்ந்து போனோம். எனக்குக் கை நடுக்கம் ஆரம்பித்திருந்தது. கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். அவர் அதைப் பார்த்தார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த டாக்டர் ஒரு அம்மா. என்னைவிட நான்கைந்து வயது குறைவாக இருக்கும். எதிரே இரண்டு நாற்காலிகள். எவ்வளவு, எத்தனை வருஷமாக, காலையில் குடிக்கிறீர்களா என்று எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"ஃபேமிலியில வேற யாராவது குடிப்பாங்களா? அப்பா குடிப்பாரா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். முந்தைய நாள் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை இப்போது வரவில்லை. அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அப்பா என்று வேறொருவரை எப்படிச் சொல்வது? "இல்லைங்க, அப்பா குடிக்க மாட்டாரு," என்றேன்.

டாக்டர் எழுதப்போனார். அப்பா கையை நீட்டி மேஜையைத் தொட்டார்.

"அப்பிடி எழுதாதீங்கம்மா. நான் குடிச்சதில்ல. ஆனா நான் வளத்தவன். பெத்தவரு குடிச்சே செத்தாரு. அவருக்கு அப்பாவும் அப்பிடித்தான் போனாராம். இவனுக்குக் கூடப்பொறந்தவங்க ரெண்டு அக்கா, ஒரு அண்ணன். அந்த அண்ணனும் குடிக்கிறான். சரியா எழுதிக்குங்க. தப்பா எழுதிட்டா வைத்தியம் தப்பாப் போயிடும் இல்லிங்களா?"

முப்பத்தைந்து வருஷம் அவர் யாரிடமும் சொல்லாத விஷயம். ஊரில் யாராவது 'பையன் உங்க ஜாடை' என்று சொன்னால் சந்தோஷப்பட்டுச் சிரிப்பவர் அவர். அந்த அறையில், முன்பின் தெரியாத ஒருவரிடம், ஒரு படிவம் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை விட்டுக்கொடுத்தார். நான் தலையைத் தூக்கவில்லை.

டாக்டர் அதை எழுதிக்கொண்டு, பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஆரம்பத்துல, முதல்ல குடிச்சப்போ எப்படி இருந்துச்சு? சீக்கிரம் ஏறுமா?"

"இல்லைங்க. எனக்கு ஏறவே ஏறாது. மத்தவங்க எல்லாம் விழுந்துடுவாங்க, நான்தான் கூட்டிக்கினு போவேன்."

சொல்லும்போது அந்தப் பழைய பெருமை குரலில் கொஞ்சம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். டாக்டர் தலையை ஆட்டினார்.

"அதை நல்ல விஷயம்னு நெனச்சீங்க, இல்லையா? மத்தவங்களுக்கு ரெண்டாவது கிளாஸ்லயே தலை சுத்தும், வாந்தி வரும். உடம்பு போதும்னு சொல்லுது. உங்க உடம்பு சொல்லல. அதனால நெறைய ஊத்திக்கிட்டே போனீங்க. குடிக்கு அடிமையானவங்க பிள்ளைங்கள்ல சில பேருக்கு இப்படி இருக்கும். அவங்களுக்குத்தான் ஆபத்து ஜாஸ்தி."

"அப்ப இது ரத்தத்துலயே வந்துடுச்சுங்களா? ஒண்ணும் பண்ண முடியாதா?"

"குடி ரத்தத்துல வராதுங்க. சீக்கிரம் மாட்டிக்கிற உடம்பு வரலாம். இதுக்குன்னு ஒரே ஒரு ஜீன் கிடையாது, நெறைய சேர்ந்து வேலை செய்யுது. வளர்ற வீடு, சேர்ற ஆளுங்க, மனசு, எல்லாம் சேரணும். உங்க கூடப்பொறந்த அக்காங்க குடிக்கிறாங்களா? இல்லைல்ல? அவங்களும் அதே அப்பா பிள்ளைங்கதானே."

அப்பா முன்னால் குனிந்து கேட்டார். "அப்ப நான் வளத்ததுக்கு ஒண்ணும் பிரயோஜனம் இல்லிங்களாம்மா?"

"நீங்க கூட்டிக்கிட்டு வந்திருக்கீங்களே," என்றார் டாக்டர்.

திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று சொல்லி என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பன்னிரண்டு நாள் இருந்தேன். முதல் நான்கு நாள் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அப்பாவுக்குத்தான் தெரியும். அவர்தான் பக்கத்தில் இருந்தார். அதற்குப் பிறகு ஒரு வருஷம் வாராவாரம், பிறகு மாதாமாதம், நானும் அவரும் அதே பாசஞ்சரில் போய்வந்தோம். ஒருமுறை நான் தவறினேன், எட்டு மாதம் கழித்து, ஒரு தீபாவளியன்று. மூன்று நாள் குடித்தேன். நான்காம் நாள் நானே அப்பாவிடம் போய்ச் சொன்னேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு இன்றுவரை தொடவில்லை. இன்றுவரை என்றுதான் சொல்ல முடியும்.

அண்ணனையும் இரண்டு முறை கூட்டிக்கொண்டு போனேன். மூன்றாவது முறை கெடாருக்குப் போனபோது மல்லாட்டைக் கொல்லையில் வேலையாக இருந்தான். வரமாட்டேன் என்றான்.

"உனக்கு வளத்தவரு கூட வந்தாரு. எனக்கு யாருடா?"

"நான் வந்திருக்கேனே."

"நீ எந்தம்பி. நீயே என்ன மாதிரி ஓட்ட வண்டிதான்," என்று சொல்லிச் சிரித்தான். பிறகு என் முதுகில் தட்டி, "பேஜாரு பண்ணாத, போ, பஸ்ஸு போய்டும்," என்றான். இன்னும் இருக்கிறான். இன்னும் குடிக்கிறான். ஒவ்வொரு முறை கெடாரிலிருந்து போன் வரும்போதும் எடுப்பதற்கு முன் நான் ஒரு விநாடி கண்ணை மூடிக்கொள்கிறேன்.

இப்போது என் மகளுக்குப் பதினெட்டு வயது. போன ஆனி மாதம் நர்ஸிங் படிக்க இடம் கிடைத்து, வெளியூர் விடுதிக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. அவளிடம் சொல்ல வேண்டும் என்று நான் பல மாதங்களாக மனைவியிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பொட்டப் புள்ளைகிட்டப் போயி இதையா பேசுவாங்க?" என்றாள் மனைவி. "அவ எதுக்குக் குடிக்கப் போறா? நீங்களே சொல்லிக் குடுக்காதீங்க."

அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். சொன்னால் பயந்துவிடுவாளோ, நான் விதி என்று நினைத்துக் குடித்ததுபோல அவளும் நினைத்துவிடுவாளோ என்று கவலை. சொல்லாவிட்டால் என்னைப்போலவே தெரியாமல் போய் மாட்டிக்கொள்வாளோ என்று கவலை. ஒவ்வொரு நாளாகத் தள்ளிப்போட்டேன்.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, புதுக் கண்ணாடி போட அவளைக் கடைக்குக் கூட்டிப்போனேன். கடைக்கு விடுமுறை. கதவைப் பாதி சாத்தியிருந்தேன். அவளை நாற்காலியில் உட்காரவைத்து, சட்டத்தை மாட்டி, எழுத்துகளைப் படிக்கச் சொன்னேன். அவள் முகம் எழுத்துப் பலகையைப் பார்த்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. அதனால் சொல்ல முடிந்தது. நான் குடித்தது, முண்டியம்பாக்கம், கெடார்ப் பெரிய தாத்தா என்று அவள் கேள்விப்பட்டிருந்தவர் உண்மையில் யார், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சட்டத்தைக் கழற்றவில்லை.

"நீ குடிச்சது தெரியும்ப்பா. அம்மா அழுவுறது ஞாபகம் இருக்கு," என்றாள். "தாத்தா மேட்டர்தான் தெரியாது."

மூக்கில் சட்டத்தைச் சரிசெய்துகொண்டாள். "நானும் ஒரு தபா குடிச்சிருக்கேன். திட்டாத. பிளஸ் டூ முடிஞ்சப்ப, பிரெண்டு பர்த்டேக்கு. பீரு."

"எவ்ளோ?"

"ரெண்டு கிளாஸ். அவளுங்க எல்லாம் தல சுத்துதுன்னு படுத்துக்கினாளுங்க. எனக்கு ஒண்ணுமே ஆகல."

என் கையில் இருந்த லென்ஸை மேஜைமேல் வைத்துவிட்டேன். கீழே போட்டுவிடுவேன் என்று பயமாக இருந்தது. பெண் பிள்ளை என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் மூச்சு விட்டவன் நான். டாக்டர் எனக்குச் சொன்னதை அவளுக்குச் சொன்னேன். அந்த அம்மா சொன்ன மாதிரி அமைதியாகச் சொல்ல வரவில்லை. வார்த்தைகள் குழறின.

அவள் சட்டத்தைக் கழற்றினாள். கண்ணாடி இல்லாமல் என் முகம் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருக்காது. "அப்ப எனக்கு முடிஞ்சுபோச்சா?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள்.

"இல்லம்மா. ஒரு தபா ஏறலன்னா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா நீ அதைப் பெருமையா எடுத்துக்காத. எனக்கு யாரும் சொல்லல. உனக்குத் தெரியும். அவ்ளோதான் வித்தியாசம்."

"அந்த வித்தியாசம் போதுமா?"

போதும் என்று சொல்லியிருக்க வேண்டும். "தெரியலம்மா," என்றேன்.

 அவள் சட்டத்தை மறுபடி மாட்டிக்கொண்டு, "பவரைப் பாரு, டைம் ஆவுது," என்றாள். இடது கண்ணில் கால் பவர் கூடியிருந்தது.

வீட்டுக்குப் போனதும் நேராக அப்பாவிடம் போய் உட்கார்ந்தாள். அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு வயது, காது மந்தம். அவள் சத்தமாகப் பேச வேண்டியிருந்ததால் எனக்கும் கேட்டது. குடிக்க மாட்டேன் என்றெல்லாம் அவள் சத்தியம் செய்யவில்லை. "நான் ஹாஸ்டலுக்குப் போனா, ஏதாச்சும் தப்புப் பண்ணா, உங்கிட்ட சொல்லலாமா தாத்தா? அப்பாகிட்ட சொன்னா அவரு பயந்துடறாரு," என்றாள்.

"சொல்லு. கத்திச் சொல்லு, காது கேக்காது," என்றார் அப்பா.

அவள் போய் இப்போது ஐந்து மாதம் ஆகிறது. தினமும் சாயங்காலம் போன் செய்கிறாள். நான் எடுத்ததும் அவள் பேச்சில் எந்த வார்த்தை இழுபடுகிறது என்று கேட்கிறேன். எங்களுக்குத்தான் நாக்கு குழறாதே, கேட்டு என்ன பயன் என்றும் தெரியும். போன வாரம் கூடப் படிக்கும் பெண்ணின் அக்கா கல்யாணத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். பின்னால் மேளச் சத்தம், சிரிப்புச் சத்தம்.

"அங்க..." என்று ஆரம்பித்தேன்.

"ஜூஸ்தாம்ப்பா குடிச்சேன். தாத்தாகிட்ட போனைக் குடு," என்றாள்.

கொடுத்தேன். அப்பா போனைக் காதில் அழுத்திக்கொண்டு, சத்தமாக, கல்யாணத்தில் என்ன சாப்பாடு என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. முகம் எங்காவது மாறுகிறதா என்று நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.